வலப்பக்கம் ஒதுங்கிய கட்டங்கள்

தன்னிடம் பதிவுசெய்த ஒரே வாசகரின் கண்ணுக்கு ஏற்பப் பக்கத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் அந்தப் புதிர்ப் புத்தகத்தை, கணவர் ஞானதுரை இறந்த பிறகுதான் புஷ்பம் திறந்து பார்த்தாள். குறுக்கெழுத்துக் கட்டங்களெல்லாம் தடித்த கோடுகளோடு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தன. இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

புத்தகத்தை அவள் பார்வைக்கு மாற்றித்தர வந்திருந்த நூலக ஊழியர் திலகனிடம், “கெட்டுப்போச்சா தம்பி?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கும்மா. சாருக்கு இடப்பக்கம் பார்வை போயிருக்கு. புத்தகம் அதைத் தெரிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளிடுச்சு. உங்ககிட்ட சொல்லலையா?”

“அந்த மனுசனா? பல்வலியைக்கூடச் சொல்லமாட்டாரு. புதிரை முடிச்சுட்டு என்னைப் பார்த்து மீசையை முறுக்குவாரு, அவ்வளவுதான்.”

“மாத்திடட்டுமா? மாத்தினா சாரோட அமைப்பு அழிஞ்சிடும்மா.”

புஷ்பம் வெற்றுப் பக்கத்தைத் தடவினாள். கடைசி வருஷம் முழுக்க, அவள் எங்கே உட்கார்ந்தாலும், “இப்படி வா புஷ்பம்” என்று தன் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுவார். ஃபேன் காற்று அங்கேதான் வரும் என்பதால் கூப்பிடுகிறார் என்று நினைத்திருந்தாள்.

“வேண்டாம் தம்பி, இப்படியே இருக்கட்டும்” என்றாள். “புதிரையும் என்னையும் கடைசிவரைக்கும் முழுசாப் பார்த்துட்டுத்தான் போயிருக்காரு.”