புதுசாகச் சேர்ந்தது மட்டும்

போன வருஷம் இறந்துபோன பாஸ்கலின் குரல் அவருடைய செல்போனில் மிச்சமிருந்தது. போனும் சாவதற்குள் அதை எடுத்துத் தரச் சொல்லி, அவர் மனைவி அல்போன்சா மத்தியானமே ஸ்டீபன்ராஜின் செல்போன் ரிப்பேர் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டீபன்ராஜ் எழுதிய நிரல் போனில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கும். மறுபடி ஓட்டினால், புதுசாகச் சேர்ந்ததை மட்டும் எடுக்கும். இணையத்தில் இலவசமாகப் போட்டு, நாலு நாட்டுக்காரர்கள் பார்த்துத் திருத்திய நிரல் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாஸ்கலின் கடைசிப் பேச்சு கிடைத்தது. "அல்போன்சா, செம்பட்டியில பஸ் ஏறிட்டேன்." அன்று பஸ் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. அவர் வழியிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார்.

எதுவும் விட்டுப்போயிருக்குமோ என்று ஸ்டீபன்ராஜ் இன்னொரு தடவை ஓட்டினான். சிம் இல்லாத போனிலிருந்து அதே குரலில் புதுசாக ஒன்று வந்தது.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டேன். சோத்துக்கு வெஞ்சனம் என்ன?"

அவன் நிரலை வரிவரியாகப் படித்தான். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

"எழுதுன உனக்கே வெளங்கலையா தம்பி?"

"வெளங்கலக்கா."

"சரி, இன்னொருக்கா ஓட்டு."

ஓட்டினான்.

"வாசல்ல நிக்கிறேன். எம்புட்டு நேரம் தட்டுறது?"

அல்போன்சா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். வீட்டுச் சாவி அங்கேதான் இருந்தது.

"பூட்டிட்டுல்ல வந்துட்டேன்" என்று எழுந்தாள்.