கெண்டைக்கால் குழாயின் தாராளம்

பந்தியில் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்த சதாசிவத்தைத் தெருநாய் ஒன்று துரத்தியது. அவருடைய கெண்டைக்கால் தசைக்கு இரத்தம் போதவில்லை. அந்தத் தசையின் வாசலில் இருந்த சின்ன இரத்தக்குழாயோ, இறுக்கமே தன் கௌரவம் என்று சுருங்கி நின்றது.

“அண்ணே, நாய் நெருங்கிடுச்சு! கொஞ்சம் திறங்க!” என்று தசை கதறியது.

“இப்ப வயித்துக்குத்தான் முதல் மரியாதை. மேலிடத்து உத்தரவு வரட்டும், தம்பி.”

கெஞ்சிக் களைத்த தசை, ஓடி ஓடிச் சேர்ந்த அமிலக் கழிவையெல்லாம் அண்ணன் வாசலிலேயே கொட்டியது. அதில் நனைந்ததும் குழாய் தானாகத் தளர்ந்தது. எவர் உத்தரவும் இல்லாமலே இரத்தம் பாய்ந்து வந்தது. சதாசிவம் மதிலேறிக் குதித்தார். நாய்க்கு வேட்டி நுனிதான் மிஞ்சியது.

விறைப்பெல்லாம் போய் வாய் பிளந்து கிடந்த குழாய், மிகுந்த கண்ணியத்தோடு சொன்னது: “இதுக்கா இவ்வளவு அசிங்கம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?”