ஃப்ரேமுக்குள் ஒரு மனுஷன்

“இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வாங்க தம்பி... ஆங், அப்படித்தான்! அசையாதீங்க!”

மூச்சு வாங்க மலை உச்சிக்கு வந்து சேர்ந்த அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பேசுவது தன் வீட்டுக்காரரா? நில அளவை ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம் என்று பெயர் வாங்கின மனுஷனா?

அதைவிட அதிசயம், கேமராவுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தான். முன்பின் தெரியாத இளைஞன். முகத்தில் ஈயாடவில்லை.

பத்து வருஷமாக இரண்டு பேரும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை மலையாக ஏறுகிறார்கள். வீட்டு ஹாலில் இருபத்திரண்டு மலைப் படங்கள் தொங்குகின்றன. ஒன்றிலாவது மனுஷத் தலை உண்டா? ம்ஹூம்! “ஆள் வந்தா மலை கெட்டுப்போயிடும்” என்பார். ஒருமுறை இவள் தொப்பியின் நுனி ஓரத்தில் விழுந்துவிட்டது. அரை நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை அழித்தார்.

இன்று கல்யாண நாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வரம் வாங்கியிருந்தாள். சூரியன் வரும்போது, மலையோடு சேர்த்து, இவளை ஒரே ஒரு படம். அதற்கென்றே புத்தம் புது மஞ்சள் ஸ்வெட்டர். அந்த நல்ல வெளிச்சம் கால் மணி நேரம்தான் தாங்கும்.

“என்னங்க, நான் வந்துட்டேன்.”

“இரு, இரு.” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, அந்தப் பாறையில சாய்ஞ்சுக்கங்க. கையைக் கட்டிக்கங்க. என்ன வேலை பார்க்கறீங்க?”

“விடுங்க சார். நான் கொஞ்சம் தனியா இருக்கணும்.”

“இருக்கலாம், இருக்கலாம். இதோ, ஒரே ஒண்ணு.”

க்ளிக்.

அந்த ஒரே ஒண்ணு இருபதைத் தாண்டியது. பின்னால் ஏறி வந்த தாடிக்காரர் ஒருவர் இவளிடம் வந்தார்.

“உங்க வீட்டுக்காரராம்மா? நிம்மதியா உட்காரலாம்னு வந்த பையனை இப்படியா பாடாப்படுத்தறது? கேமரா கையில இருந்தா கண்ணு தெரியாதா?”

அவளுக்கு மானமே போயிற்று.

சூரியன் மேலே ஏறிவிட்டது. இந்நேரத்துக்கு, “இனிமே எடுத்தா வேஸ்ட்” என்று மூட்டையைக் கட்டுகிற ஆள், இன்றைக்குச் சளைக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தார். அதுதான் அவள் மண்டையைக் குடைந்தது. அப்படி என்ன இருக்கிறது இந்தப் பையனிடம்? சினிமாக்காரனா? பெரிய இடத்துப் பிள்ளையா?

“எனக்கு ஒரு படம் எடுக்கறேன்னீங்களே...”

“இன்னிக்கு வேண்டாம். வா, இறங்கலாம்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டினவளுக்கு இல்லாத யோகம்!

இறங்கும்போது கூத்து இன்னும் கூடியது. “தம்பி, எனக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. இந்த ஸ்டாண்டைத் தூக்கிக்கங்களேன். நீங்க நடுவுல வாங்க” என்றார். பதினெட்டு கிலோவை முனகாமல் சுமக்கிற முதுகு அது!

திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கவைத்துப் படம். மூன்றாவது திருப்பத்தில் பையன் வாய் திறந்தான். நான்காவதில் இவள் நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றான்.

“அக்கா, சார் உங்களை எடுக்கவே இல்லையே?”

“அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது தம்பி?”

சிக்னல் கிடைத்த இடத்தில் கணவர் நின்றார். “படம் அனுப்பணும். வீட்டுல யார் நம்பராவது சொல்லுங்க.”

பையன் ரொம்ப நேரம் யோசித்துத் தன் அண்ணன் நம்பரைச் சொன்னான். கணவர் தள்ளிப் போய்க் கால் மணி நேரம் பேசினார். ‘படம் அனுப்பறேன்னு சொல்ல இவ்வளவு நேரமா?’

அடிவாரத்தில் அந்த அண்ணன் காரோடு வந்து காத்திருந்தார். தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோளோடு அணைத்துக் காரில் உட்காரவைத்தார். பிறகு வந்து கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கார் போனதும் அவள் பொரிந்து தள்ளினாள்.

“பத்து வருஷமா உங்க பின்னாடி ஏறி இறங்கறேன். இன்னிக்காவது ஒண்ணு எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? கொண்டாங்க, அந்த மகாராஜா எப்படி விழுந்திருக்கார்னு நானும் பார்க்கறேன்.”

கேமராவைப் பிடுங்கி, படம் பார்க்கிற பட்டனை அழுத்தினாள். திரையில் ஒன்றுமே இல்லை. ‘கார்டு இல்லை’ என்று மட்டும் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். படம் பதிகிற கார்டு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

“கார்டே போடாமலா அத்தனை படம் எடுத்தீங்க?”

“வீட்டுல, கம்ப்யூட்டர்லயே மாட்டியிருக்கு. உச்சிக்குப் போனதும்தான் தெரிஞ்சுது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம திரும்பினேன்...” அவர் கேமராவை வாங்கி மூடியைச் சாத்தினார். “அந்தப் பையன் பாறை விளிம்புல உட்கார்ந்திருந்தான். ஷூவைக் கழட்டி ஜோடியா வெச்சு, அதுக்குள்ள போன், பர்ஸ், மேல ஒரு மடிச்ச லெட்டர். கிட்டப் போயி என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியல. எனக்குப் படம் எடுக்கத்தானே தெரியும்?”