அவருக்கு என்னவோ, அதே

பக்கத்து வகுப்பு வாத்தியாருக்கும் டீச்சருக்கும் ஒரே பாடம், ஒரே பெல், ஒரே தொண்டைத்தண்ணி வற்றல். சம்பளம் மட்டும் அவருக்கு முழுசு, இவளுக்குப் பாதி.

கல்வி அதிகாரியின் மேஜையை டீச்சர் ஓங்கித் தட்டினாள். "அவருக்கு என்னவோ, அதே எனக்கும் வேணும் சார். ஒரு பைசா கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்!"

"நியாயம்தாம்மா. இந்த மாசத்துலேர்ந்தே போட்டுடறேன்." சிரித்த முகமாகக் கையெழுத்தே போட்டுவிட்டார் அதிகாரி.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

அங்கே கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருந்த பக்கத்து வகுப்பு வாத்தியார் துள்ளி எழுந்தார்.

"ஜெயிச்சுட்டோமா தங்கச்சி! பாவம், என் வகுப்பையும் சேர்த்து நீதானே மேய்ச்சே. நாளைக்கே வந்துடறேன். நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை... உனக்காக மாசம் பூரா ஸ்டிரைக்ல உட்கார்ந்ததுல, இந்த மாசம் எனக்குச் சம்பளமே கிடையாதாம்!"