குடிக்காத ஈரல்

"இன்னைக்காவது உண்மையச் சொல்லு. எத்தனை நாளா குடிக்கிற?" அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள்.

பெயின்டர் சுவரில் சாய்ந்து ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். ஊசி போட்ட இடுப்பு கல்லாகக் கனத்தது.

ஊரார் வீட்டுக்கெல்லாம் அடித்த மஞ்சள் கடைசியில் உன் கண்ணுக்கே வந்துவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள். சிரிக்கக்கூட அவனிடம் தெம்பில்லை.

ஒரு மாதமாக வீட்டில் இதே பாட்டுத்தான். ஈரல் வீங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்றே குடும்பம் தீர்ப்பு சொல்லிவிட்டது. குடிகாரன்தான், வேறென்ன? அக்கா அவனுடைய பெயின்ட் வாளிகளைக்கூட மோந்து பார்த்துவிட்டாள்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்த செம்பு நிறப் புள்ளிகளை மட்டும் யாரும் சட்டை செய்யவில்லை. பெயின்டில் கலக்கும் தின்னர் பட்டிருக்கும் என்று அவனே விட்டுவிட்டான்.

புது டாக்டர் இன்று அந்தக் கையைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார். வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். சாயங்காலம் முடிவு வந்தது.

சிபிலிஸ். உடலுறவில் தொற்றுவது. ஈரல் வரை போயிருக்கிறது, ஊசியில் குணமாகிவிடும் என்றார். மனைவிக்கும் கட்டாயம் போட வேண்டும், விட்டால் கண், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போகும் என்றார்.

வெளியில் எங்காவது போனதுண்டா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவரும் அதற்குமேல் தோண்டவில்லை.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். துணிக்கடையிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை.

"குடிச்சேன்க்கா," என்றான். "இனிமே தொட மாட்டேன்."

அக்கா ஒரு பாட்டம் அழுதாள். தலையில் ஒரு குட்டு வைத்தாள். இத்தனை நாள் உயிரை வாங்கியதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்ட நிம்மதியில், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிடு. உனக்கும் ஊசி போடணும்னு டாக்டர் சொல்றாரு."

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் உள்ளங்கையிலும் இதே புள்ளிகள் வந்து, தானாகவே மறைந்தன. புதுத் துணிச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவனும் நம்பி, தினமும் எண்ணெய் தடவிவிட்டான்.

அவன் இதுவரை போன வெளியிடமெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவர்தான். டாக்டரிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

எனக்கு எதற்கு ஊசி என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள்.