எட்டு நாள் நடை

"ஹர்கமான் அண்ணே, உங்க ஊர்க்காரன் ஒருத்தன் வந்திருக்கான் பாருங்க! சிலிங்பாவாம்!" என்று கத்தினார் பக்கத்து மேஜைக்காரர்.

லீவுச் சீட்டு வாங்க வந்த சிப்பாய் மன்பிரசாத் வாசலைத் திரும்பிப் பார்த்தான். மலேயாக் காட்டில் குண்டு பாய்ந்து வந்தபோதுகூட அவன் இப்படித் தப்பி ஓட வழி தேடியதில்லை.

மூன்று வருஷம் கடல் தாண்டி இருந்த கூர்க்கா சிப்பாய்க்கு ஆறு மாதம் லீவு. அதோடு நேபாளத்தில் இந்தத் தரான் முகாமிலிருந்து ஊர் போய்ச் சேர எத்தனை நாள் நடையோ, அத்தனை நாள் கூடுதல். அதை எழுதிக் கொடுப்பவர் ஹர்கமான் ராய். இருபது வருஷம் துப்பாக்கி தூக்கிவிட்டு இந்த மேஜைக்கு வந்தவர்.

மன்பிரசாத்தின் ஊர் சிலிங்பா இல்லை. அவன் ராய் சாதியும் இல்லை. தரானிலிருந்து ஒரே நாள் நடையில் இருக்கும் ஊரில், கொல்லர் வீட்டுப் பிள்ளை. கொல்லர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை. ஆள் பிடிக்கும் தரகன்தான் சொல்லிக் கொடுத்தான்: "ராய்னு சொல்லு, ஊரு சிலிங்பான்னு சொல்லு. அவ்வளவு தூரம் எவன் போய்ப் பாக்கப் போறான்?"

குட்டு உடைந்தால் லீவும் போச்சு, வேலையும் போச்சு. வீட்டிலோ, அவன் இன்னும் முகம் பார்க்காத மகளுக்கு இரண்டரை வயது.

"உக்காரு தம்பி" என்றார் ஹர்கமான். "ஊருக்கு எந்த வழியா போவே?"

"ஆத்தோரமா, குருஜி."

"அப்புறம்?"

"தொங்குபாலம். அதைத் தாண்டுனா ஒரே ஏத்தம்."

"ஏத்தம் முடிஞ்சா?"

"அரசமரம்." அரசமரம் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

"மரத்துக்கு எந்தப் பக்கம் ஊரு?"

"இடப்பக்கம், குருஜி."

ஒவ்வொரு பதிலையும் ஹர்கமான் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மன்பிரசாத்தின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடப்பாவி, வாக்குமூலமா வாங்குகிறார்!

பக்கத்து மேஜைக்காரர் டீ குடிக்கக் கிளம்பினார். ஹர்கமான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று நினைத்தான் மன்பிரசாத்.

திரும்பி வந்தவர், பட்டியலில் சிலிங்பாவுக்கு உள்ளபடி, லீவுச் சீட்டில் 'நடை: எட்டு நாள்' என்று எழுதி, முத்திரை குத்தி, அவன் கையில் திணித்தார்.

"தம்பி, நீ நெசமான ஊர்க்காரன். ஊர்ல போய் என்னை விசாரிச்சா மானம் போயிரும். அதான் நானே சொல்லிடறேன்" என்றார் மெல்லிய குரலில். "நான் ராயும் இல்ல, என் ஊரு சிலிங்பாவும் இல்ல. அந்தக் காலத்துல தரகன் சொல்லிக் குடுத்த பொய்."

மன்பிரசாத் வாய் திறப்பதற்குள், எழுதிய தாளை அவர் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"புதுச் சம்பந்தி வீட்டார், தசைன் பண்டிகைக்கு என் ஊரு சிலிங்பாவைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நல்லவேளை, நீ வந்தே! பதினாலு பேரையும் நீ சொன்ன வழியிலதான் கூட்டிட்டுப் போகப் போறேன்."