ஹெட்போன் போடாத பிள்ளை

“அந்தப் பிள்ளையை இன்னையோட வகுப்பை விட்டு எடுத்திருவேன்” என்றாள் அம்பிகா.

அன்புமணி தோள்பையை இறக்கி வைத்தார். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவில் மைக் கத்தினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

“யாரை டீச்சர்?”

“சின்னாளபட்டிப் பிள்ளை, தேவதர்ஷினின்னு. ஒம்பதாவது படிக்கிறா. எல்லாப் பிள்ளைகளும் ஹெட்போன் போடுதுக. இவ மட்டும் போட மாட்டா. போனைச் சத்தமா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நான் ‘ச’ன்னு ஆரம்பிச்சாப் போதும், கூஊஊன்னு மைக் கத்துது. ஒரு மாசமா இதே கூத்து.”

“கேட்டீங்களா?”

“கேக்காம? ‘ஒடைஞ்சு போச்சு மிஸ்’ங்கிறா. போன ஞாயித்துக்கெழமை நல்லா வஞ்சுட்டேன். குனிஞ்ச தலை நிமிரல. இவளால மத்த பிள்ளைகளும் நின்னுட்டா நான் என்ன செய்ய?”

கோபத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பயம்தான். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ‘எனக்குத்தான் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை போல, வகுப்பை மூடிவிடப் போகிறேன்’ என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஆனந்தி என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்த பிறகுதான் மனசு தேறியது.

அந்த வழியாகப் போன அவள் கணவர் ஆவுடையப்பன் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஹார்டுவேர் கடைக்கு விடுமுறை.

“அன்புமணி, மிஷினை விட இவ சத்தந்தான்ப்பா பெருசு. அதுக்கு ஏதும் வைத்தியம் இருக்கா?”

“அது என்னால ஆகாதுண்ணே.”

“நீங்க உள்ள போங்க. வகுப்பு ஆரம்பிக்கப் போகுது” என்று அம்பிகா முறைத்தாள். அவர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வகுப்பு தொடங்கியது. அம்பிகா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினாள். ஒரு வரி முடியவில்லை.

கூஊஊ.

அன்புமணி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கோயில்ல நாலு மைக் இருந்தா, ஒவ்வொண்ணா அமத்திக்கிட்டே வருவோம் டீச்சர். எதை அமத்தினா கத்தல் நிக்குதோ, அதான் ஆளு. இங்கயும் ஒவ்வொரு பிள்ளையா வெளிய போகச் சொல்லுங்க.”

“மொதல்ல இவளையே அனுப்புறேன், பாருங்க. தேவதர்ஷினி, நீ வெளிய போம்மா.”

திரையிலிருந்து அந்த முகம் மறைந்தது. அம்பிகா ‘ச’ பிடித்தாள்.

கூஊஊ.

அம்பிகாவின் முகம் மாறியது.

“நான்சி, நீ போம்மா.”

கூஊஊ.

இன்னும் மூன்று பேர் போனார்கள். சத்தம் மட்டும் போகவில்லை.

மிச்சம் ஆனந்தி. கேமரா பழுது என்று முகம் காட்டாதவள். சேர்ந்த நாளிலிருந்து தொண்டைக்கட்டு. ‘இன்னைக்கும் கேட்டுக்கிறேன் மிஸ்’ என்று எழுதி மட்டும் அனுப்புவாள்.

“ஆனந்தி, நீயும் போம்மா.”

ஆனந்தி போகவில்லை.

அன்புமணி காதைத் தீட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஹெட்போனைக் கழட்டிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்.”

கழற்றிவிட்டுச் சொன்னாள். “ஆனந்தி, நீயும் போம்மா.”

பக்கத்து அறைக்குள்ளிருந்து அவள் குரலே சன்னமாகத் திரும்பி வந்தது. “ஆனந்தி, நீயும் போம்மா.”

அம்பிகா எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். கட்டிலில் ஆவுடையப்பன். கையில் கடை போன். வியர்க்க வியர்க்க எதையோ அமுக்கிக்கொண்டிருந்தார்.

“வெளிய போற பட்டன் எங்க இருக்குன்னு தெரியல” என்றார்.

“என்னங்க இது?”

“ரெண்டு பேரு நின்னதுக்கு ரெண்டு நாளாச் சோறு திங்காமக் கெடந்த. புதுசா ஒருத்தி சேந்தா தேறிருவேன்னு நெனைச்சேன். ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? அதுக்குப் போயி இம்புட்டுக் கத்தும்னு கண்டேனா?”

அன்புமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை எடுத்தார். “வாரேன் டீச்சர். அண்ணனை ஹெட்போன் போடச் சொல்லுங்க.”

அம்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வாரமாக ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் வைதிருக்கிறாள். போனை எடுத்து தேவதர்ஷினியை வீடியோவில் கூப்பிட்டாள்.

“தப்பு என் வீட்டுலதாம்மா. ஆனந்தின்னு யாருமே இல்ல. தெரியாம உன்னைப் போட்டு வஞ்சுட்டேன்.”

“தெரியும் மிஸ்.”

“எப்படிம்மா தெரியும்?”

“ஒரு நாள் ஆனந்தி மைக்குல ஆம்பளத் தும்மல் கேட்டுச்சு மிஸ். உடனே நீங்க திரும்பி, ‘என்னங்க, மாத்திரை போட்டீங்களா’ன்னு கேட்டீங்க.”

“அப்பவே என்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?”

“சொன்னா மறுபடி வகுப்பை மூடுறேம்பீங்க மிஸ்.” தேவதர்ஷினி குனிந்து எதையோ எடுத்து கேமரா முன்னால் காட்டினாள். உறை பிரிக்காத புது ஹெட்போன்.

“அப்பா இதை வாங்கிக் குடுத்துப் பதினஞ்சு நாளாச்சு. நான் இதைப் போட்ட பெறகும் கத்துச்சுன்னா, நீங்க வேற எடத்துல தேட ஆரம்பிச்சிருவீங்கல்ல மிஸ்?”